சிக்னலுக்கு விடைகொடுத்த ஊர்!

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸ் நகருக்கு வடக்கே ஹாமில்டன் கவுன்ட்டியில் இருக்கிறது கார்மல். இந்த ஊரில் காரில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது, சிக்னல் விளக்குகள் அபூர்வமாகவே இருப்பதுதான். ஒரு ரவுண்டானாவைத் தாண்டினால் இன்னொன்று, அதைத் தாண்டினால் மற்றொன்று. ஊரில் மொத்தம் 150-க்கும் மேல்!

இந்த மாற்றத்துக்குக் காரணமானவர் ஜிம் பிரெய்னார்ட். 1996-லிருந்து 2023 வரை இங்கே மேயராக இருந்தவர். இங்கிலாந்தில் படித்த நாள்களில் ரவுண்டானாக்களைப் பார்த்தவர், அவற்றைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். 1990-களின் பிற்பகுதியில் முதல் ரவுண்டானா வந்தது.

வட்டம் எப்படிக் காப்பாற்றுகிறது?

சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூடிய இடங்கள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அது வெறும் 8. எண்ணிக்கையைவிட முக்கியம், மோதும் விதம். சிக்னலில் சிவப்பு விழுவதற்குள் போய்விடலாம் என்று ஒருவர் விரைந்தால், குறுக்கே வரும் காரின் பக்கவாட்டில் நேராக இடிப்பார். ரவுண்டானாவில் வளைந்துதான் போக வேண்டும் என்பதால் வேகம் தானாகக் குறைகிறது. மோதினாலும் பெரும்பாலும் உரசலோடு போய்விடும்.

சிக்னல் சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றினால், காயமோ உயிரிழப்போ ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 78 சதவிகிதம் குறைவதாக அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. புயலில் மின்சாரம் போனாலும் ரவுண்டானா வேலை செய்யும் என்பது கூடுதல் லாபம்.

ஒரே ஒரு விதிதான். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் உரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்து 1966-ல் இந்த விதியைக் கொண்டுவந்த பிறகுதான், அதுவரை நெரிசலில் முடங்கிய வட்டங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின.

கீஸ்டோன் சாலை

ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது கீஸ்டோன் சாலை. முன்பு மாநில அரசின் சாலை. வழிநெடுக சிக்னல்கள், வரிசையாக நிற்கும் வண்டிகள். 2007-ல் கார்மல் நகரமே இந்தச் சாலையை எடுத்துக்கொண்டது.

சந்திப்புகளில் பிரதான சாலையைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். வேகமாகப் போகிறவர்கள் கீழே நிற்காமல் போகலாம். குறுக்குச் சாலைகள் மேலே பாலமாகக் கடக்கின்றன. திரும்ப வேண்டியவர்களுக்கு அங்கேயே நீள்வட்டமாக ஒரு ரவுண்டானா. வானிலிருந்து பார்த்தால் நாய் கடிக்கும் எலும்புபோல இருக்கும். ஊரை இரண்டாகப் பிளந்த சாலையை இப்போது நடந்தும் சைக்கிளிலும் கடக்க முடிகிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. இரண்டு தடங்கள் உள்ள ரவுண்டானாவில் தடம் மாறும் குழப்பத்தில் சின்னச் சின்ன மோதல்கள் நடக்கும். பார்வையற்றவர்களுக்கு, வண்டி நின்றதா என்று சத்தத்தை வைத்து அறிவதும் சிரமம்.

நடந்து போகிறவர்களுக்கு

பிள்ளைகளோடு தங்க அமெரிக்கா போகும் அப்பா, அம்மாக்கள் கவனத்துக்கு: இந்த ஊர்களில் மாலை நடை போவது சுகமான அனுபவம். ஆனால், நம் ஊரில் சாலையைக் கடக்க முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியிருப்போம். அங்கே வண்டிகள் வலது ஓரமாக ஓடுவதால், முதலில் வருவது இடப்பக்கத்திலிருந்து!

வட்டத்தின் நடுத்திட்டுக்குக் குறுக்கே ஒருபோதும் போகாதீர்கள். வட்டத்துக்குச் சற்றுத் தள்ளிக் கோடு போட்ட இடம் இருக்கும். இடப்பக்கம் பார்த்துப் பாதிச் சாலையைக் கடந்து, நடுவிலுள்ள சிறு திட்டில் நில்லுங்கள். பிறகு வலப்பக்கம் பார்த்து மீதியைக் கடங்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார் என்று உறுதியான பிறகே காலை எடுத்து வையுங்கள்.