முக்கால் டேங்க்



சனி ஞாயிறு வந்தா ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குக் காரிலேயே போயிட்டு வர்றவங்க நம்மில் நிறையப் பேர். அவங்களுக்குப் பயன்படும்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

சிராங்கூன் ரோட்டில் எங்களோடு பல வருஷமா தொண்டூழியம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் 1960ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் கார் இருக்கு. பழங்காலக் கார் திட்டத்தில் பதிஞ்சது, வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் ஓட்டலாம். அம்மாவுக்கு (அவர் மனைவிக்கு) முட்டி வலி. பஸ்ஸில் ஏறி இறங்கி, சோதனைச்சாவடியில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆடி வெள்ளிக்கு ஒரு தடவை அந்தக் காரிலேயே கூட்டிட்டுப் போகணும்னு அவருக்கு ஆசை.

தடையா நின்னது பெட்ரோல் மீட்டர். டேங்க் நிறைய அடிச்சாலும் முள் பாதிக்கு மேலே ஏறாது. வேற ஊரா இருந்தா போகட்டும்னு விடலாம். இங்கே முடியாது. மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதால், எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் காரில் பாதி டேங்காவது இருக்கணும்னு 1989இல் விதி வந்தது. 1991இல் அது முக்கால் ஆச்சு. குறைஞ்சா திருப்பி அனுப்புவாங்க, 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. அதிகாரி பார்ப்பது முள்ளைத்தான்.

ஒரு பட்டறையில் சுலபமா வழி சொல்லியிருக்காங்க. ஒயரில் சின்னதா ஒரு ரெசிஸ்டர் வெச்சா முள் தானா மேலே போயிடுமாம். பெரியவர் எங்களிடம் வந்து கேட்டார்: "தம்பி, டேங்க் நிஜமாவே நிறைஞ்சுதானே இருக்கு? நிறைஞ்சிருக்குன்னு காட்டினா அது பொய்யா?"

நியாயமான கேள்விதான். நாங்க சொன்னது இது: "போகும்போது அது உண்மைங்கய்யா. திரும்பி வரும்போது டேங்க் காலியா இருந்தாலும் முள் மேலேயே நிற்கும். அம்மாவை வெச்சுக்கிட்டு நெடுஞ்சாலையில் நிற்கப் போவது நீங்கதான். அதோட மீட்டரை மாத்தி வைக்கிறதே சட்டப்படி குற்றம்." கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "சரி, திறந்து பாருங்க" என்றார்.

ஃபேக்டரியில் கேஜ் தப்பாக் காட்டினா நாங்க மூணு இடம் பார்ப்போம்: கேஜ், நடுவில் ஓடும் ஒயர், சேதி அனுப்பும் சென்சார். காரிலும் அதே கணக்கு.

பின்பக்கச் சாமான் அறையின் தரைப் பலகையைத் தூக்கினா டேங்க் தெரியும். அதன் மேல்தான் மிதவை கோர்த்த யூனிட். சாவியைத் திருப்பி, அந்த ஒயரைக் கழற்றினோம். முள் முழுசுக்குப் போச்சு. ஒயரை ஒரு நொடி பாடியில் தொட்டோம். காலிக்கு இறங்கிச்சு. அப்படின்னா கேஜும் ஒயரும் நல்லாத்தான் இருக்கு. எர்த் கெட்டிருந்தா இந்த வகை கேஜ் கூடுதலாத்தான் காட்டும், குறைச்சுக் காட்டாது. சந்தேகம் மிதவை மேல் விழுந்தது.

திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றி வெச்சுட்டு யூனிட்டை வெளியே எடுத்தோம். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினா உள்ளே களக் களக்னு சத்தம். மயிரிழை விரிசல் வழியா பெட்ரோல் உள்ளே போய், மிதக்க வேண்டியது பாதி முழுகிக் கிடந்திருக்கு. அங்கேயே பற்றவெச்சுடலாம்னு ஒருத்தர் சொன்னார். நாங்க விடலை. உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டினா வெடிக்கும். இங்கிலாந்திலிருந்து புது மிதவை வரவழைச்சோம். அதுக்குள் முதல் ரெண்டு ஆடி வெள்ளியும் போயிடுச்சு. பெரியவர் முகம் வாடியது உண்மை.

புதுசு மாட்டினதும் பெட்ரோல் நிலையத்தில் 10 லிட்டர், 10 லிட்டரா போட்டு, மூடியைப் பூட்டி, சாவியைத் திருப்பி, முள் எங்கே நிற்குதுன்னு தாளில் குறிச்சுக் கொடுத்தோம். மூணாவது வெள்ளி காலையில் ரெண்டு பேரும் கிளம்பினாங்க. உட்லண்ட்ஸில் அதிகாரி குனிஞ்சு முள்ளைப் பார்த்தார், கையைக் காட்டினார், அவ்வளவுதான். சாயங்காலம் அம்மா எங்க எல்லாருக்கும் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டு வந்து கொடுத்தாங்க.

பழைய கார் வெச்சிருக்கும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. 1960களின் நடுவுக்குப் பிறகு வந்த பல பிரிட்டிஷ் கார்களில் சோதனை தலைகீழ்: ஒயரைக் கழற்றினா காலி, பாடியில் தொட்டா முழுசு. பெட்ரோல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாக் காட்டினா, டேங்கைத் திறக்கும் முன் வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்க. கோயிலுக்குப் போற நாள் காலையில் பார்க்காதீங்க, ஒரு மாசம் முன்னாடியே பாருங்க. சந்தேகம் இருந்தா அன்னதான நாளில் எங்களைக் கேளுங்க, வந்து பார்க்கிறோம்.

வேலும் மயிலும் துணை.