நீல வெளிச்சமும் மறுக்கப்பட்ட குடையும்

சில மாதங்களாக எங்கள் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகளிடம் ஒரு புதுப் பயம் தொற்றியிருக்கிறது. "அக்கா, செல்போன் வெளிச்சத்துல முகம் கருத்துப் போயிடுமாமே, உண்மையா?" பத்தாம் வகுப்புப் பையனும் கேட்கிறான், நர்சிங் படிக்கும் பெண்ணும் கேட்கிறாள். திரையிலிருந்து வரும் நீல ஒளி தோலைக் கறுக்க வைக்கும், சுருங்க வைக்கும், அதனால் 'ப்ளூ லைட் சீரம்' தடவிக்கொண்டுதான் போனைத் தொட வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பி. அதன் விலை எங்கள் பக்கத்தில் நடவுக்குப் போகும் ஒரு பெண்ணின் இரண்டு நாள் கூலி.

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் சீரமும் க்ரீமும் எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். தோலின் நிறத்தை வைத்துச் சாதியை ஊகிக்கிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம். அந்த ஊகத்தைக் காசாக்கும் ஒரு வியாபாரம் இப்போது அறிவியல் வேடத்தில் நம் பிள்ளைகளின் போனுக்குள் வந்திருக்கிறது. அதனால் அந்த அறிவியலையே முதலில் பார்த்துவிடுவோம்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர். அதில் 400-லிருந்து 500 வரை உள்ள பகுதிதான் ஊதாவும் நீலமும். செல்போன், கணினி, எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் நமக்குக் கிடைக்கும் நீல ஒளியில் மிகப் பெரும் பங்கு சூரியனிடமிருந்துதான் வருகிறது. திரை தருவது அதன் முன்னால் ஒன்றுமில்லாத அளவு. பிரான்சின் நீஸ் நகரத்துத் தோல் மருத்துவர்கள் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகத்தில் மங்கு உள்ளவர்களை நாள்கணக்கில் திரை வெளிச்சத்தின் முன் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மங்கு கூடவில்லை. நிவியா க்ரீம் தயாரிக்கும் பையர்ஸ்டோர்ஃப் என்ற ஜெர்மன் நிறுவனமும் அதே காலத்தில் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு வாரம் முழுக்க விடாமல் திரைமுன் உட்கார்ந்தால் தோலுக்குக் கிடைக்கும் நீல ஒளி, ஹாம்பர்க் நகரில் கோடைக்கால உச்சிவெயிலில் ஒரு நிமிடம் நிற்பதற்குச் சமம். க்ரீம் விற்கிற நிறுவனமே சொன்ன கணக்கு இது. ஹாம்பர்க் வெயிலே அப்படி என்றால் தஞ்சாவூர் வெயிலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் அரசு மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ்தான் படுக்க வைக்கிறார்கள். செல்போனைவிடப் பலமடங்கு வலுவான நீல ஒளி, மருத்துவர்களின் கண்காணிப்பில், பச்சைக் குழந்தையின் தோல்மீதே விழுகிறது. நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் பிழைத்து வந்தவர்கள்தான். இரவில் வெகுநேரம் போன் பார்த்தால் தூக்கம் கெடும் என்பது உண்மை. அதற்கு மருந்து போனைக் கீழே வைப்பது. சீரம் தேவையில்லை.

அப்படியென்றால் நீல ஒளி தோலை ஒன்றுமே செய்யாதா? செய்யும். கதையின் இந்தப் பாதியை விளம்பரம் சொல்வதில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2010-இல் ஒன்றைக் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் கலக்காத, வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வலுவாகப் பாய்ச்சினால் கறுத்த தோலில் நிறம் ஏறுகிறது, வெகுநாள் நிற்கிறது. வெளிறிய தோலில் அப்படி ஏறவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் அந்த வேலையைச் செய்வது குறிப்பாக ஊதா-நீலப் பகுதி என்றன. தோலின் நிறமி செல்களில் ஆப்சின்-3 என்றொரு புரதம் இருக்கிறது. அதுதான் நீல ஒளியை உணர்ந்து மெலனினைக் கூட்டச் சொல்கிறது என்று 2018-இல் கண்டார்கள். ஆக, நம்மைப் போன்ற தோலுக்கு நீல ஒளியால் கருந்திட்டு வரலாம் என்பது மெய். அந்த அளவு நீல ஒளி வருவது வெயிலிலிருந்து. சாதாரண சன்ஸ்க்ரீன் புற ஊதாவைத் தடுக்கும், இதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்க்ரீன்தான் ஓரளவு தடுக்கும். நம் வீட்டுக் கோலத்துக்குக் கரை கட்டும் காவியின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். (அதற்காகக் காவியை எடுத்து முகத்தில் பூசாதீர்கள்!)

என் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு உண்டு. எங்கள் தெருவில் நாற்பது வயது தாண்டிய பெண்களில் பாதிப் பேருக்கு உண்டு. பிள்ளைப்பேறு, ஹார்மோன், பரம்பரை என்று காரணங்கள் பல. வெயில் அதைக் கூட்டும். குறுவை நடவில் காலை ஏழு மணிக்குக் குனிந்த பெண் நிமிரும்போது உச்சியாகிவிடும். மேலே வெயில் முதுகில் விழும். வயலில் நிற்கும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் குனிந்த முகத்தில் கீழிருந்து அடிக்கும். தலையில் ஒரு துண்டு, சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, இவ்வளவுதான் அவர்களுடைய சன்ஸ்க்ரீன். காலில் சேற்றுப்புண், அதற்கு மருதாணி. தொடையிடுக்கில் படர்தாமரை, அதற்கு மெடிக்கலில் வாங்கிய ஏதோ ஒரு ட்யூப். காவிரி டெல்டாவின் தோல்நோய்ப் பட்டியலை எழுதினால் செல்போன் வெளிச்சம் அதில் எந்த மூலையிலும் வராது.

இந்த வெயில் யார் மேல் விழ வேண்டும் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். ஜே. எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார், அம்பேத்கரும் எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தப் பட்டியலை ஒருமுறை தோலின் பக்கமிருந்து படித்துப் பாருங்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது. பூவோ மஞ்சளோ பூசி வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறினால் அடி, வீட்டுக்குத் தீ.

நிழல் என்பது சாதிச் சலுகையாக இருந்தது. ஒருவரை வெயிலில் நிறுத்தி, சட்டையைக் கழற்ற வைத்து, குடையைப் பிடுங்கிவிட்டு, பிறகு 'கறுப்பாக இருக்கிறாயே' என்று கேலி செய்வதுதான் இந்தச் சமூகம் நம் தோலுக்குச் செய்தது. பண்ணையாள் முறை இருந்த காலத்துத் தஞ்சை வயல்களிலும் விடியுமுன் இறங்கி இருட்டிய பின் ஏறிய உடம்புகள் நம்முடையவை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியும் நிழலும் இங்கே கேட்டவுடன் கிடைத்தவை அல்ல.

செல்போன் நம் பெண்களின் தோலைக் கெடுத்த கதை ஒன்றும் இருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செல்போன் செயலி வழியாகத்தான் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும்படி எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத வாய்க்கால் கரையில் படம் ஏறுகிற வரைக்கும் வயதான பெண்கள் வரிசையில் வெயிலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலையில் வேலையை முடித்துவிட்டாலும் பிற்பகல் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கு ஆபத்து. வேலையிடத்தில் குடிநீர், ஓய்வு நேரத்துக்கும் குழந்தைகளுக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் சட்டமே சொன்னது. செயலி வந்த வேகத்தில் அந்த நிழல் வந்து நான் பார்த்ததில்லை. திரையின் வெளிச்சம் அந்தப் பெண்களை ஒன்றும் செய்யவில்லை. திரைக்காக வெயிலில் நின்றதுதான் செய்தது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் 1975-இல் வந்தது. கறுப்பாக இருந்தால் வேலையும் கல்யாணமும் கிடைக்காது என்பதைப் பல ஆண்டுகள் விளம்பரமாகவே காட்டினார்கள். 2020-இல் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய பிறகு 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. இப்போது எந்தக் கம்பெனியும் வெளுப்பு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பிரகாசம்', 'டான் நீக்கம்', 'நீல ஒளிப் பாதுகாப்பு' என்கிறார்கள். பழைய பயத்துக்குப் புதுப் பெயர்.

அந்தப் பயத்தின் வேர் நமக்குத் தெரியும். கறுத்த பிராமணரையும் சிவந்த தலித்தையும் நம்பாதே என்று பொருள்படும் ஒரு பழமொழி நம் ஊர்களில் உண்டு. நிறத்துக்கும் சாதிக்கும் கணக்கு நேராக வராத இடத்தில் இவர்களுக்கு வரும் பதற்றம்தான் அந்தப் பழமொழி. சாதி ஒழிப்பு நூலில் 1936-லேயே பாபாசாகேப் இதை உடைத்துவிட்டார். சென்னை மாகாணத்துப் பிராமணரும் பறையரும் இனக்கூறில் ஒருவரே, சாதி இனப் பிரிவினை அல்ல என்றார். தோல் அறிவியலும் வேறு வழியில் அங்கேதான் வருகிறது. நிறமி செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் எவ்வளவு, எப்படிப் பரவுகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த மெலனின் வெயிலுக்கு எதிராக உடம்பு பிடிக்கும் குடை. யாராலும் பிடுங்க முடியாத குடை.

அதையும் பிடுங்கத்தான் க்ரீம் வருகிறது. படிப்பகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தங்கை திடீரென்று வருவதை நிறுத்தினாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் பேசினாள். கன்னம் சிவந்து, நரம்பு தெரிய, பூனை முடி முளைத்து, பருவாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று, 'போன் வெளிச்சத்துல கருத்தது போவும்' என்று யாரோ சொன்ன ட்யூபை மெடிக்கலில் வாங்கி நான்கு மாதம் தடவியிருக்கிறாள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனதாம். நிறுத்தினால் எரிந்ததால் மறுபடி தடவினாளாம். ட்யூபை வாங்கிப் படித்தேன்: மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் பார்த்து, சில வாரத்துக்கு மட்டும் தர வேண்டிய கலவை. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், விட்டால் எரியும், விட முடியாமல் ஆகும். தோல் மருத்துவர்கள் இந்த முகத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் வருகிறார்கள்.

தோலில் தடவும் 14 வகை ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் ஒன்றிய அரசு அறிவிக்கை போட்டது. எங்கள் பக்கத்தில் பேர் சொல்லிக் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த ட்யூப் போட்டு, அரிப்பு மட்டும் அடங்கி, படை உள்ளே பரவிக்கொண்டிருக்கிற வயல் வேலைக்காரர்கள் ஏராளம். கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகம் கெட்டு வந்த நோயாளிகளைத் துருவியபோது, பலர் பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம் தடவியவர்கள் என்று 2023-இல் செய்தி வந்தது நினைவிருக்கும். முகத்தில் தடவியது சிறுநீரகம் வரை போகிறது.

அந்தத் தங்கையைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாமல் படிப்படியாக விடவைத்தார்கள். ஒரு வருடம் ஆகப் போகிறது, பரவாயில்லை. படிக்க வருகிறாள்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். திரை வெளிச்சத்துக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். வீட்டில் யாராவது முகத்துக்கோ படர்தாமரைக்கோ ட்யூப் போடுகிறார்கள் என்றால் வாங்கிப் பெயரைப் படியுங்கள். 'சோன்', 'சால்', 'லோன்' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போல. இருந்தால் சட்டென்று நிறுத்தாமல் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மங்கு இருக்கும் அம்மாவுக்கு அகலத் தொப்பியோ குடையோ வாங்கிக் கொடுங்கள். 'வயலுக்குக் குடையா' என்று ஊரில் யாராவது சிரித்தால், 1930-இல் குடையைத் தடுத்தவர்களின் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வேலையிடத்தில் நிழற்பந்தலும் குடிநீரும் வேண்டும் என்று எழுத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. செத்த பிறகு தரும் நிவாரணத்தோடு அது நின்றுவிடக் கூடாது, உச்சிவெயிலில் வேலை நிறுத்தமும் நிழலும் கூலி குறையாமல் வேண்டும் என்று கேளுங்கள். தீர்மான நகலை எனக்கும் அனுப்புங்கள். எந்தெந்த ஊரில் பந்தல் வந்தது என்று அடுத்த ஆனி மாதம் இங்கேயே எழுதுகிறேன்.

ஜெய்பீம்.