ஓட்டுப் போட வா, கார்த்தி

மாடம்பாக்கம்,
பிப்ரவரி 2026

அன்புள்ள கார்த்திக்கு,

நீ அனுப்பிய சைகோன் மாரியம்மன் கோயில் படத்தைப் பெரியம்மா அக்கம்பக்கம் முழுக்கக் காட்டிவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. "மார்ச் 15 இங்கே வியட்நாம்ல தேர்தல் பெரியப்பா, ஒரு சத்தம் கிடையாது, 99 சதவீதம் பேர் ஓட்டுப் போடுவாங்க. நம்ம ஊர்லதான் காசும் கலாட்டாவும்" என்றாய். காசு விஷயத்தில் எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த 99-ஐப் பார்த்து மயங்காதே, கண்ணு.

2021-ல் வியட்நாமின் தேசிய சட்டமன்றத்தில் 500 இடத்துக்கு 868 பேர் நின்றார்கள். ஓட்டுச் சீட்டில் வேண்டாத பெயரை அடித்துவிடலாம், சரி. அந்தச் சீட்டில் யார் பெயர் ஏறலாம் என்பதைக் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியில் இருக்கும் தாய்நாட்டு முன்னணி முன்னாலேயே சலித்துவிடுகிறதே! ஜெயித்த 499 பேரில் கட்சியில் இல்லாதவர்கள் 14 பேர்தான். லே ட்ரோங் ஹூங் என்ற பத்திரிகையாளர் தானாகவே நிற்கிறேன் என்று கிளம்பினார். அந்த வருஷம் மார்ச் மாதமே கைது செய்தார்கள். டிசம்பர் 31 அன்று ஐந்து வருஷச் சிறை என்று தீர்ப்பு. இங்கே பத்துப் பேர் முன்மொழிந்து பத்தாயிரம் டெபாசிட் கட்டினால் நம் தெரு இஸ்திரிக்காரர்கூட சட்டமன்றத்துக்கு நிற்கலாம். தெருவில் தண்ணீர் நின்றால் கவுன்சிலர் வாசலில் போய்ச் சத்தம் போடுகிறோம். நீ கலாட்டா என்பதில் பாதி இதுதான்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. 2024-ல் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளர் மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் வாபஸ் வாங்க, பா.ஜ.க.காரர் போட்டியே இல்லாமல் எம்.பி. ஆனார். அந்த ஊர் ஜனங்கள் பூத்துக்கே போக முடியவில்லை. படித்தபோது வயிறு எரிந்தது. அதே வயிற்றெரிச்சல் வியட்நாம்காரனுக்கும் இருக்காதா? வெளியே சொல்ல முடியாமல் இருப்பான்.

நீ இதையெல்லாம் அங்கே ஃபேஸ்புக்கில் எழுதி வைக்காதே. பயந்துதான் சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான எஸ்.ஐ.ஆர். படிவத்தோடு வந்த வாக்குச்சாவடி அலுவலர் (பி.எல்.ஓ.) அம்மா, வெளிநாட்டில் இருக்கும் நீ பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6ஏ போட வேண்டும் என்றார். இன்னும் போடவில்லையாமே, ஏண்டா இந்த அலட்சியம்? இன்றைக்கே போடு. அங்கிருந்தபடி ஓட்டுப் போட வழியில்லை. பூத்துக்கு நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு லீவு சொல்லி வை. டிக்கெட்டில் பாதி நான் தருகிறேன்.

உன் பெரியப்பா