தோட்டத்து வீட்டில் ஒரு தோட்டா வழக்கு

பாத்திரக் கடைக்குப் போகிறீர்கள். எதிரே இரண்டு குக்கர்கள். ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஆனால் கடைக்காரர் இதற்கு ஒரு பெயர் சொல்லுகிறார், அதற்கு ஒரு பெயர் சொல்லுகிறார். அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதை எடுத்தால்தான் என்ன?" என்று அலுத்துக் கொள்கிறீர்கள். உடன் வந்திருக்கும் உங்கள் கணவரின் முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

துப்பாக்கிக்கு வாங்கும் தோட்டாவிலும் இதே தொல்லை உண்டு என்றால் நம்புவீர்களா? "நமக்கும் தோட்டாவுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வாங்கினார். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், பஞ்சாப் பெண் சிஃப்ட் கவுர் சம்ரா 50 மீட்டர் ரைபிள் போட்டியில் 469.6 புள்ளி எடுத்து உலக சாதனையே செய்துவிட்டார். ஆகவே நாளைக்கு உங்கள் வீட்டுக் கூடத்திலும் இந்தப் பேச்சு எழலாம். வெள்ளக்கடையில் ஒரு வீட்டில் எழுந்துவிட்டது.

காப்பிப் பூவைப் பற்றி எழுதுவதற்காக ஏற்காட்டு மலைக்குப் போயிருந்தேன். பூத்திருந்த தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளக்கடையில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் தங்கினேன். இரவுச் சாப்பாடு ஆனதும் கூடத்தில் ஒரே வாக்குவாதம். தோட்டத்து வீட்டில் காப்பி விலையைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களோ தோட்டாவைப் பற்றிச் சண்டை போட்டார்கள்!

அந்த வீட்டுப் பெண்ணுக்கு 22 வயது. சேலத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். என்.சி.சி.யில் .22 ரைபிளைப் பிடித்தவள், பிறகு 50 மீட்டர் போட்டிகளுக்குப் பழகிக் கொண்டிருந்தாள். இப்போது ஆயிரம் கெஜம், அதாவது 914 மீட்டர் தூரம் சுட வேண்டும் என்று ஆசை. "ராணுவத்துக்காரர்கள் நம்பியதே போதும், .308 வாங்கு" என்கிறார் தகப்பனார். "6.5 கிரீட்மூர்தான் இந்தக் காலத்துத் தோட்டா" என்று வெளிநாட்டிலிருந்து தாய்மாமன் போனில் அடித்துச் சொல்லுகிறார். பெண்ணுக்கோ .260 ரெமிங்டன் மேல் ஒரு கண்.

மிளகு விற்ற பணம் பாட்டியின் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நீங்க நாலு எடம் போயி வந்தவங்க. இந்த வழக்கைத் தீர்த்து வெச்சுட்டுப் போங்க. அவ கேட்டா நான் குடுக்கத்தான் போறேன். அவ அண்ணன் கேட்டப்ப குடுக்கலையா? ஆனா எதுக்குக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கணுமில்லீங்க?"

விளையாட்டுப் பக்கத்துக்காகச் சில காலம் துப்பாக்கி சுடும் மைதானங்களைச் சுற்றியவன் நான். அந்தத் தைரியத்தில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தோட்டாக்களில், பெயர் வேறாக இருந்தும் பொருள் ஒன்றாக இருப்பவை உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் தோட்டாவுக்கு .275 ரிக்பி என்று பெயர். ஜெர்மானியர்கள் அதற்கு முன்பே செய்து வந்த 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாதான் அது. பெயரைத்தான் ஆங்கிலேயர் மாற்றினார்கள்.

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. அந்த வீட்டு இரும்புப் பீரோவிலே தாத்தா காலத்து .315 ரைபிள் ஒன்று இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேட்டை இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவு மட்டும் உண்டு. பார்வைக்கு அது பழைய ராணுவ .303 ரைபிளின் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். ராணுவம் வைத்திருந்த .303-ஐச் சாதாரண ஜனங்கள் வைத்துக் கொள்ளக் கூடாது என்று சர்க்கார் தடுத்ததனால்தான், ஆஸ்திரியாக்காரர்களின் 8 மில்லிமீட்டர் தோட்டா .315 என்ற பெயரில் நம் நாட்டில் பரவிற்று. இரண்டு ரைபிள்களும் பார்க்க ஒரே ஜாடை. ஆனால் ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு ஆகவே ஆகாது. குண்டின் பருமனே வேறு. மாற்றிப் போட்டால் ஆபத்து.

மூன்றாவது வகை, நிஜமாகவே ஒன்றுக்கொன்று நெருங்கியவை. வழக்கு அவற்றைப் பற்றித்தான். .308 பிறந்தது 1952-ல். அதன் கழுத்தைக் குறுக்கி, மெலிந்த குண்டு பொருந்தும்படி செய்ததுதான் 1997-ல் வந்த .260. பத்து வருஷம் கழித்து, 2007-ல் கிரீட்மூர் வந்தது. .260-ம் கிரீட்மூரும் எறிவது ஒரே பருமனுள்ள குண்டு. வேகமும் ஏறக்குறைய ஒன்றே. கிரீட்மூரின் பித்தளைக் கூடு சற்றுக் குட்டை, அதனால் நீளமான குண்டைச் சௌகரியமாகப் பொருத்தலாம். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சட்டையைக் கொஞ்சம் குட்டையாகத் தைத்த கதை!

தாய்மாமன் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. நூறு கெஜத்துக்குச் சரி செய்த .308, ஆயிரம் கெஜம் போவதற்குள் முப்பது அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். மெலிந்த 6.5 குண்டு சில அடி குறைவாகத் தாழும். பக்கக் காற்றிலும் குறைவாக ஒதுங்கும். தகப்பனார் கட்சியிலும் நியாயம் உண்டு. .308 ரைபிளின் குழல் நெடுநாள் உழைக்கும். கிரீட்மூரின் குழல் அதைவிடச் சீக்கிரம் தேயும். ஆனால் .260-க்கும் கிரீட்மூருக்கும் உள்ள வித்தியாசம், காற்று சிறிது திசை மாறினாலே இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும்.

மலையே ஒரு வித்தியாசம் செய்கிறது, பாருங்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். கடலோரத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே தோட்டாவைக் கீழே சமவெளியில் சுட்டால், இங்கே தாழ்வதைவிட அதிகமாகத் தாழும். தோட்டாவை மாற்றாமல் ஊரை மாற்றினாலே கணக்கு மாறிவிடுகிறது.

கிரீட்மூர் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அது நியூயார்க் அருகே இருந்த ஒரு சுடும் மைதானம். 1874-ல் அங்கே அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் 800, 900, 1,000 கெஜத்தில் மோதினார்கள். முன்னே சொன்ன ரிக்பி கம்பெனியின் ஜான் ரிக்பியே அயர்லாந்து அணியில் இருந்தார். அயர்லாந்துக்காரர்களின் ரைபிளுக்கு வாய் வழியாக மருந்து கெட்டிக்க வேண்டும். அமெரிக்கர்களின் ரைபிளுக்குப் பின்புறமாகத் தோட்டாவைப் போட்டால் போதும். எது உயர்த்தி என்று பத்திரிகைகளில் ஒரே சர்ச்சை. கடைசியில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே புள்ளி! அயர்லாந்து வீரர் ஒருவர் குறியின் நடுவிலேயே அடித்திருந்தார்; ஆனால் அடுத்தவர் பலகையில்! அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய 4 புள்ளி போயிற்று, வெற்றியும் போயிற்று. பலகை மாறிய பிறகு தோட்டா என்ன செய்யும்?

இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்த பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. ஒரு பெட்டியில இருக்கறது அத்தனையும் ஒண்ணு போல இருக்குமா?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. மூன்று பேரும் மறந்திருந்த கேள்வி அதுதான்.

சேலத்துப் பக்கத்துப் பெண்மணிக்கு நூல் விஷயம் தெரியாமல் இருக்குமா? ஒரே சிவப்புத்தான், ஆனால் நேற்றுச் சாயம் தோய்த்த நூலும் இன்று தோய்த்த நூலும் ஒரு சேலையில் சேர்ந்தால் கோடு தெரிந்துவிடும். தோட்டாவும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே அட்டைப் பெட்டி. ஆனால் அதன்மேல் ஒரு தொகுதி எண் அச்சடித்திருக்கும். தேர்ந்த .22 வீரர்கள் ரைபிளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பார்கள். எந்தத் தொகுதியின் குண்டுகள் நெருங்கி விழுகின்றனவோ, அந்த எண்ணையே மொத்தமாக வாங்கி வைப்பார்கள். வேகம் மிக்கதைத் தேடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி போவதைத் தேடுகிறார்கள். 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். மெல்லிய பக்கக் காற்று ஒன்றே குண்டை அதற்கு வெளியே தள்ளிவிடும்.

பெண் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். பெரிய தோட்டா ஒன்றின் விலையில் .22 தோட்டாக்கள் பல வரும். புதிய ரைபிள் என்றால் உரிமம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி என்று வேறு அலைச்சல். வருஷத்துக்கு எத்தனை தடவை சுட முடியும் என்று கூட்டிப் பார்த்தவள், காகிதத்தைப் பாட்டியிடம் நீட்டினாள்.

"ஆயா, இந்த வருஷம் .22 போதும். தொகுதி பார்த்து வாங்கிக்கறேன். காத்தைப் படிக்கறதுக்கு அதுவே நல்ல வாத்தியார். ஆயிரம் கெஜம் எங்கேயும் ஓடிப் போகாது."

"அப்ப மிச்சப் பணம்?" என்றார் தகப்பனார்.

"அது எங்கிட்டயே இருக்கும். அவ கேக்கறப்ப குடுப்பேன்" என்று பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டார். தீர்ப்பு சொல்ல எனக்கு வேலையே வைக்கவில்லை!

வாசகிகளே, உங்கள் பெண் நாளைக்கு ஏதாவது ஒரு பெரிய பெயரைச் சொல்லி, "இதை வாங்கிக் கொடு அம்மா" என்று வந்து நின்றால், உடனே "முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். உடனே கடைக்கும் ஓடாதீர்கள். "இதிலே ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பது எது? உனக்குத் தினம் பழகக் கட்டுப்படியாவது எது?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலை அவளே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பணத்தை மட்டும் பத்திரமாக முடிந்து வைத்திருங்கள். அவள் திரும்பவும் கேட்பாள்; அன்றைக்குக் கொடுக்க வேண்டும்.