நீலாவணன் சேரின் சங்கமும் எங்கள் வட்டமும்

போன கிழமை இன்பொக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சேர், உங்கட எழுத்தாளர் வட்டம் இதுவரைக்கும் எத்தனை புத்தகம் போட்டிருக்கு?"

ஒன்றுமில்லை. ஆறு வருடமாகக் கூடுகிறோம், ஒரு புத்தகமும் இல்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

கல்முனையில் எழுத்தாளர் சங்கம் என்ற பேச்சு வந்தால் முதலில் நீலாவணனைத்தான் சொல்ல வேண்டும். பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த கே. சின்னத்துரை. எங்களைப் போல அவரும் ஒரு வாத்தியார். கல்முனைத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தை உண்டாக்கி நடத்தியவர் அவர். 'பாடும் மீன்' என்று ஒரு சஞ்சிகையும் கொண்டுவந்தார். மஹாகவி, முருகையன் என்ற பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் கவிஞர். அப்படிப்பட்டவர் 1975 ஜனவரியில் 43 வயதில் இறக்கும்போது அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றுகூட வந்திருக்கவில்லை. முதல் தொகுதியான 'வழி' 1976இல்தான் வந்தது. 'வேளாண்மை' காவியம் 1982இல், 'ஒத்திகை' 2001இல்.

அவர் மட்டுமல்ல. பாண்டிருப்பு சண்முகம் சிவலிங்கம் அறுபதுகளிலிருந்தே எழுதியவர். அவருடைய 'நீர்வளையங்கள்' வந்தது 1988இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. எங்கள் மருதமுனை மருதூர்க்கொத்தனின் கதைகள் தொகுப்பாக 1985 வரை காத்திருந்தன. இன்றைக்கு எங்கள் ஊர்களில் பத்துக் கவிதை சேர்ந்தால் மண்டபம் புக் பண்ணுகிறார்கள். வெளியீட்டு விழாவில் பதினாறு பேருக்குப் பொன்னாடை, ஆளுக்கொரு பட்டம், புத்தகத்தை வாசித்தவர் ஒருவருமில்லை. அந்த விழாக்களில் நாங்களும் முன்வரிசையில் இருந்து கைதட்டியிருக்கிறோம், இனியும் தட்டுவோம். ஊரில் வாழ வேண்டுமே!

புத்தகம் இல்லாத அந்த மனிதர்கள் கூடி என்ன செய்தார்கள்? ஒருவர் எழுதியதை மற்றவர் முகத்துக்கு நேரே வாசித்து, சரியில்லாததைச் சரியில்லை என்றார்கள். நீலாவணனைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள்: கல்முனைக்குடி நுஃமான், மருதமுனை மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, பாண்டியூரன், ஜீவா ஜீவரத்தினம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாயில். நுஃமான் 1944இல் பிறந்தவர். நீலாவணனுக்குப் பதின்மூன்று வயது இளையவர். பிறகு 1969-70இல் 'கவிஞன்' என்று கவிதைக்கு மட்டும் ஓர் இதழ் நடத்தியவரும், வாசகர் சங்கம் என்ற பெயரில் கல்முனையிலிருந்து நூல்கள் போட்டவரும் அவர்தான். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த மஹாகவியின் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' 1971இல் அந்தச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. 1981இல் அதே சங்கம் 'பலஸ்தீனக் கவிதைகள்' போட்டது. மஹ்மூத் தர்வீஷைத் தமிழில் வாசிக்க அன்றைக்குக் கல்முனையின் முகவரிக்குத்தான் எழுதிப்போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் ஒரு பெருமைதான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1985, 1990. இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கமும் ஜனாஸாவும் பிரேதமும் எடுத்தோம். அதற்குப் பிறகும் எழுத்து நிற்கவில்லை. சோலைக்கிளி எழுதினார், உமா வரதராஜன் 'வியூகம்' நடத்தினார். ஆனால் பள்ளிக்கூடம், சந்தை, பிரதேச செயலகம் என்று ஒவ்வொன்றாக நாங்கள் பிரிந்து நின்றதில் பாயும் இரண்டாகக் கிழிந்தது. மருதமுனையிலிருந்து பாண்டிருப்புக்கு சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்து ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு போகிறவர் இன்றைக்கு எத்தனை பேர்?

எங்கள் வட்டத்தில் பதினொரு பேர், எல்லோரும் முஸ்லிம்கள். திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. கூப்பிட்டவர்கள் வந்தார்கள், தெரிந்தவர்களைத்தான் கூப்பிட்டோம். போயா நாளில் அஸருக்குப் பிறகு கூடுவோம். பிளேன்ரீயும் பனங்கட்டியும் செலவு. வாத்திமார் ஏழு பேர். ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவருடைய உம்மா வயலில் பாடிய கவிகளை இரண்டு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 அந்த இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தில் கொப்பியைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று அவர் வருடக்கணக்காக வாய்திறக்கவில்லை. நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் தேடித்தேடிச் சேர்த்த கவிகளையும், அனார் தொகுத்து 2013இல் க்ரியா வெளியிட்ட 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' நூலையும் அவர் கையில் கொடுத்தோம். வாசித்துவிட்டு, "இது எங்கட உம்மா வேற மாதிரிப் படிப்பா" என்றார். அந்த 'வேற மாதிரி'யைத்தான் இப்போது ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாற்பத்தியேழு.

சாய்ந்தமருதில் தையல் செய்யும் ஒரு தங்கச்சியும் உண்டு. கூட்டத்துக்கு வரமாட்டார், வட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார். பின்னால் மெஷின் ஓடும் சத்தமும் கேட்கும். எங்களில் நன்றாக எழுதுகிறவர் அவர்தான். நேரில் வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று ஒரு பக்கம், குரல் மட்டும் வந்தால் போதுமென்று இருக்கிறோமே என்று இன்னொரு பக்கம்: இது எங்களுக்குள் தீராத வாக்குவாதம். அவரிடம் கேட்டதற்கு, "முதல்ல கவிதையப் பத்திச் சொல்லுங்க சேர்" என்று அனுப்பினார்.

மருதமுனையில் தறி நெய்யும் ஒருவர் சென்ற வருடம் ஒரு கதை கொண்டுவந்தார். 1990இல் கணவனைப் பறிகொடுத்த பாண்டிருப்புப் பெண் ஒருத்தி, பல வருடம் கழித்துத் தன் கணவனின் முஸ்லிம் கூட்டாளியைச் சந்தையில் காண்கிறாள். நாங்கள் பதினொரு பேரும் அதைப் புகழ்ந்தோம். சிலருக்குக் கண்ணும் கலங்கியது. அவர்தான் கேட்டார்: "நீங்க எல்லாம் நல்லா இருக்கு எண்டுறீங்க. அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தரும் இதப் பாக்கல்லியே?"

ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தோம். எங்களில் இரண்டு பேருக்குப் பயிற்சிக் கலாசாலையில் பழக்கம். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். பென்சிலால் இருபது இடத்தில் குறி. நாற்பதாம் நாள் என்று எழுதியிருந்ததை வெட்டி முப்பத்தொராம் நாள் என்று திருத்தியிருந்தார். எங்கள் வழக்கத்தை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டோம். பதினொரு பேரில் ஒருவருக்கும் அது படவில்லை. அது சின்ன விசயம். கடைசிப் பக்கத்தைக் காட்டி அவர் சொன்னதுதான் பெரிது.

"தம்பி, இவள் கதை முழுக்க அழுதுகொண்டே நிக்கிறாள். கடைசியில மன்னிச்சும் போட்டாள். எங்கட பொம்பிளையள் அப்பிடி இல்ல. அவளுக்குக் கோவம் வராதா? அவரிட்ட ஒரு கேள்வி கேக்கமாட்டாளா?"

நெசவாளர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மூன்று போயாவுக்கு வரவும் இல்லை. தறியில் வேலை என்றார். நாங்களும் நம்பியது போல இருந்தோம். நாலாவது போயாவுக்குத் திருத்திய பிரதியோடு வந்தார். அதில் அவள் கேட்கிறாள். அந்தக் கேள்வியை இங்கே எழுதமாட்டோம், அது அவருடைய கதை. வாசித்து முடித்தபோது எங்களில் ஒருவர், "இத வெளியில வாசிச்சா எங்கட ஆக்களே ஏசுவாங்க" என்றார். இன்னொருவர், "போன தடவை அழுதமே, இப்ப ஏன் அழுகை வரல்ல?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் நேரமெடுத்தது, மஃரிப் பாங்கு சொல்லும்வரை.

டீச்சரும் தன் பங்குக்கு ஒரு கட்டுரை தந்திருக்கிறார். தன் பள்ளிக்கால முஸ்லிம் சிநேகிதி ஒருத்தியைப் பற்றியது. நாங்களும் பென்சில் பிடித்தோம். பெருநாள் காலையில் அந்த வீட்டில் நோன்புக் கஞ்சி கொடுத்ததாக எழுதியிருந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இனிக் கதையை எங்கே வாசிப்பது என்பதில்தான் இழுபறி. மருதமுனையில் என்கிறார்கள் சிலர், இரண்டு ஊரிலும் என்கிறார்கள் சிலர். டீச்சர் தன் வீட்டு முற்றத்தைத் தருகிறார், கதிரை மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். தையல் தங்கச்சி தானும் வந்து கேட்பதாகக் குரல் அனுப்பியிருக்கிறார், டீச்சர் வீடு என்றால் மட்டும்.