தாத்தாவின் நோட்டில் மரமே இல்லாத கொடைக்கானல்!

கொடைக்கானல் பைன் காட்டில் செல்ஃபி எடுக்காமல் திரும்புபவர்கள் குறைவு. ஆனால், பைன் இந்த மலையின் மரமே இல்லை. யூகலிப்டஸும் வாட்டிலும்கூட வெளியிலிருந்து வந்தவைதான். தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கும் அடுப்புக்கும் மரம் வேண்டும் என்று மனிதர்கள் நட்டவை.

அதற்கு முந்தைய மலையை வரைந்தவர்களில் ஒருவர், டக்ளஸ் ஹாமில்டன். மதராஸ் ராணுவத்தின் 21-வது காலாட்படைப் பிரிவு அதிகாரி. 1862-ல் தென்னிந்திய மலைகளைப் படமாக வரைந்து தரும் வேலையை அரசு அவரிடம் கொடுத்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது லேசான காரியமாக இல்லாத காலம். பென்சில்தான் கேமரா. ஆனைமலை, சேர்வராயன், பழனி மலை என்று சுற்றியிருக்கிறார். இன்று பேரிஜம் ஏரி இருக்கும் இடத்துக்கு 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்று பெயர் வந்தது இவரால்தான்.

மனிதர் பெரிய வேட்டைக்காரரும்கூட. அந்தப் பக்கங்களை இன்று ரசிக்க முடியாது. 1844 முதல் 1870 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகளை, அவர் இறந்த 1892-ம் ஆண்டில் சகோதரர் எட்வர்ட் தொகுத்துப் புத்தகமாக்கினார். குடும்பத்தில் ஒருவர் அக்கறை எடுத்துக்கொண்டதால், அந்தக் காகிதங்கள் பெட்டிக்குள் கிடந்து வீணாகவில்லை.

அன்றைய மேல் பழனி மலையில் மேடெல்லாம் புல்வெளி. நீரோடும் பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. மழையைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது அந்தப் புல்தான். வரையாடு மேய்வதும் 12 வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு உண்டு. அம்மாவின் அப்பா, வத்தலக்குண்டு பக்கம் டிராயிங் மாஸ்டர். அட்டை பிய்ந்துபோன அந்த நோட்டில் ஒரு பக்கத்தில், 'பேரிஜம் வழி, 1961' என்று எழுதியிருக்கும். ஓரத்தில் கறுப்பாக ஒரு சோலை. மீதிப் பக்கம் முழுக்க வெறும் வளைகோடுகள். "அப்பா பாதியிலயே விட்டுட்டார்" என்பார் அம்மா. மழை வந்திருக்கும் என்பது மாமாவின் கட்சி.

போன மாதம் நோட்டோடு கிளம்பினேன். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் சுமார் 20 கி.மீ. வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்; யானை நடமாட்டம் இருந்தால் விடமாட்டார்கள். வழியெங்கும் வாட்டிலும் பைனும்தான். ஒரு வளைவில் மட்டும் மரங்கள் விலகி, எதிர் மலைமுகடு தெரிந்தது. நோட்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே முதுகு, அதே இறக்கம்.

தாத்தா படத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். அங்கே வரைய அன்றைக்கு மரம் இல்லை, புல் மட்டும்தான்!

போட்டோ அனுப்பியதும் அம்மாவிடமிருந்து போன். "அப்போ அப்பா சரியாத்தான் போட்டிருக்கார்" என்றார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு.

புல்வெளியை மீட்க, வாட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருந்து, வெயில் பட்டதும் முளைக்கும். எந்த மேட்டில் புல் இருந்தது என்று தேடுபவர்களுக்கு, இதுபோன்ற பழைய படங்களும் ஒரு சாட்சி.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி நோட்டு இருந்தால், படத்துக்குக் கீழே ஊரும் வருடமும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் பெயரில்லாத பக்கங்கள் இன்னும் ஏழு. அதில் மூன்று எந்த இடம் என்று மாமாவுக்கு நினைவிருக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பென்சிலோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.