போர் எந்தத் தேதியில் தொடங்கியது?

வாசிப்பு வட்டம் நடத்துகிறவனுக்கு ஈழப் போர் பற்றிய புத்தகங்களைப் போல் சிரமமானவை வேறில்லை. நாவல் என்றால் பிடித்தது, பிடிக்கவில்லை என்று பேசி டீ குடித்துவிட்டுக் கலைந்துபோகிறவர்கள், இதற்கு மட்டும் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். ராசிபுரத்தில் எங்கள் வட்டத்துக்குப் பள்ளி ஆசிரியர்கள், நாமக்கல் லாரி பாடி பட்டறையில் வேலை பார்ப்பவர், கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுபவர், பரமத்தி முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர் என்று பலர் வருகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு அந்தப் போர் கடல் தாண்டிய சங்கதி இல்லை. 1980-களின் நடுவில் மேட்டூருக்கு அருகே கொளத்தூரில் விடுதலைப் புலிகள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். பரமத்தியிலும் தாரமங்கலம் பக்கம் பவளத்தானூரிலும் அகதி முகாம்கள் இருக்கின்றன. அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு போர் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்கள் பலருக்கு அது 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முடிந்துபோனது. முப்பதுகளில் இருப்பவர்களுக்கோ 2009 முள்ளிவாய்க்காலில்தான் தொடங்குகிறது. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேறு வேறு போரைப் பற்றி வாதாடுவார்கள்.

அதனால் கருத்துச் சொல்ல விடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்தப் புத்தகம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? எந்தத் தேதியில் நின்றுவிடுகிறது? 1956-இன் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து தொடங்கும் புத்தகத்தில் அரசு முதலில் கைவைக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கினால் ஆயுதம் ஏந்தியவர்களின் நியாயம் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. 1990 அக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோரைப் புலிகள் ஊரைவிட்டு விரட்டியதில் தொடங்கினால் அதே ஆட்கள் வேறு முகத்தோடு வருகிறார்கள். மூன்றிலும் பொய்யே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் முதல் தேதியை வைத்த இடத்திலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அடுத்தது வரிசை. முதலில் படித்த புத்தகம் நீதிபதியாகிவிடுகிறது. பின்னால் வருபவை எல்லாம் அதன் முன்னால் சாட்சி சொல்ல நிற்கின்றன. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். இலங்கை அரசு, இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் எவரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நால்வரில் ஒருவரான ராஜினி திரணகம, புத்தகம் வெளிவரும் முன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். இதை முதலில் படித்தவர் அதன் பிறகு எந்த வீரக் கதையையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார். பிரான்சிஸ் ஹாரிசன் பதிவுசெய்த 2009-இன் உயிர்தப்பியோர் சாட்சியங்களை முதலில் படித்தவருக்கோ, இயக்கத்தின் மீதான விமர்சனமே செத்தவர்களைக் குறைசொல்வதாகப் படும். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்ன போரைப் படித்துவிட்டு வருகிறவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பதும் சுலபமில்லை. அதனால் ஆளுக்கேற்ப வரிசையை மாற்றிக் கொடுக்கிறேன்.

பதவியில் இருந்தவர்கள் எழுதினால் அதுவே கடைசி வார்த்தை என்று நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ஹர்கிரத் சிங்கின் நினைவுக்குறிப்பைச் சுருக்கிச் சொல்வேன். அமைதிப்படையில் டிவிஷன் தளபதியாக இருந்தவர் அவர். 1987 செப்டம்பரில் பிரபாகரன் பேச்சுவார்த்தைக்கு வரும்போது சுட்டுவிடும்படி இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறார். புத்தகம் 2007-இல் வந்தது. தீட்சித் 2005 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இலங்கை நாட்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1998-இலேயே வெளிவந்திருந்தது. தளபதி சொன்னது உண்மையா என்று இதை வைத்து நாம் முடிவுகட்ட முடியாது. ஆனால் புத்தகம் எப்போது வந்தது, பதில் சொல்ல வேண்டியவர் அப்போது இருந்தாரா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், வாசகர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

ஒரு கூட்டத்தில் பட்டறைக்காரர் என்னை மடக்கினார்: "ஏனுங்க, எல்லாப் பக்கத்தையும் படிச்சா கடைசில ஒரு பக்கமும் நிக்காம போயிருவமுங்களே?" நியாயமான பயம். நான் வாயைத் திறப்பதற்குள் முகாம் இளைஞர் சொன்னார்: "அண்ணே, எங்கட வீட்டில சண்டை தொடங்கினது தொண்ணூறில. அம்மா மன்னார்ல படகு ஏறின ராத்திரி. அந்தத் தேதியில தொடங்கிற புத்தகம் ஏதாவது இருக்குதா?"

அப்படி ஒரு புத்தகத்தை என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அவர் கேள்வியிலேயே பட்டறைக்காரருக்கும் பதில் இருந்தது. பல தேதிகளிலிருந்து படித்தவர்கள் பெரும்பாலும் பக்கம் மாறுவதில்லை. 'புலிகள் தமிழர்களைக் காத்தார்கள்' என்று வந்தவர் 'எந்த ஆண்டில், எந்தத் தமிழரை' என்று சேர்த்துக்கொள்கிறார். 'எல்லாம் தீவிரவாதம்' என்று வந்தவருக்கு 1983-க்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. கருத்து அப்படியே இருக்கிறது. அதன் எல்லை மட்டும் தெளிவாகிறது.

போரைப் பற்றி அழுத்தமான கருத்து வைத்திருப்பதில் தவறில்லை. அது எந்தெந்தத் தேதிகளைப் பார்த்த பிறகும் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் வட்டத்தில் போர்ப் புத்தகம் எதையும் ஒற்றையாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை.